நிருபர்கள் விழிக்கும் நேரம்

கிழக்கே கடல் பக்கம் வெளுக்கத் தொடங்கியபோது மூன்று பாத்திகளை வாரி முடித்திருந்தார்கள். ஆண்கள் பலகை போட்டு இழுக்க, தண்ணீருக்கு அடியில் கிடந்த உப்பு கரகரவென்று நகர்ந்து வரப்போரம் குவிந்தது. பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போய் அம்பாரத்தில் கொட்டினார்கள். கூடையிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கி, ரவிக்கை உரசிய இடமெல்லாம் எரிந்தது. மே மாதம். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பைப் பார்க்கவே முடியாது. அதனால் மரக்காணத்து உப்பளத்தில் ஊர் எழுந்திருக்கும் முன்பே இறங்கி, ஊர் காலைப் பலகாரம் தின்னும் நேரத்துக்கு ஏறிவிடுவார்கள்.

மலர்கொடிக்கு முன்னால் அமராவதி போய்க்கொண்டிருந்தாள். மோட்டார் கொட்டகையைத் தாண்டும் இடத்தில் வரப்பு தாழ்ந்திருக்கும். அங்கேதான் ஒயர் குறுக்கே கிடந்தது. சுனாமியில் பழைய ஒயர் நாசமானபின், உப்பள முதலாளி சிவப்பிரகாசம் எங்கிருந்தோ கழற்றிய துண்டுகளை ஒட்டுப்போட்டு இழுத்திருந்தார். ஒட்டின் மேல் டேப் கூட இல்லை. பிளாஸ்டிக் பையைக் கிழித்துச் சுற்றியிருந்தது. அமராவதியின் கால் வழுக்கியது. விழாமலிருக்க வலது கையை ஊன்றினாள். அந்த ஒட்டின் மேலேயே ஊன்றினாள்.

கூடை ஒரு பக்கம் போனது. அவள் வரப்பில் விழுந்து துடித்தாள்.

"கரண்டு! யாரும் கிட்ட போகாதீங்கடி!" என்று பின்னால் வந்த ராசம்மாள் கத்தினாள். அந்தோணிராஜ் பலகையின் மரக்காம்பால் ஒயரைத் தட்டிவிட்டான். யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். அமராவதிக்கு மூச்சு இருந்தது. கையில் மட்டும், கரிந்த துணி மாதிரி, தோல் சுருண்டு கிடந்தது.

உப்பு ஏற்ற வந்த லாரியிலேயே அவளைப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்கள் போய்விடலாம், கையே தங்குமா என்பது இப்போது சொல்வதற்கில்லை என்றார்கள் அங்கே.

சிவப்பிரகாசம் சாவகாசமாக வந்தார். வேட்டி நனையாமல் வரப்பின் மேட்டிலேயே நின்றார்.

"இன்னாத்துக்குக் கும்பலா நிக்கறீங்க? ஆவறதைப் பாருங்க."

"மொதலாளி, அமராவதிக்குக் கை போச்சு. உங்க ஒயருதான்" என்றான் அந்தோணிராஜ். உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் அவன்தான். சங்கத்தில் மற்ற நாற்பது பேரைப் போலவே அவனும் பலகை இழுப்பவன்.

"எந்த அமராவதி? மஸ்டர்ல பேர் இருக்குதா, காட்டு."

"மஸ்டர்னு ஆள் பேர் எழுதற நோட்டு ஒண்ணு நீங்க வச்சிருந்தாதானே பேர் இருக்கும்?"

"அப்ப அவ என் அளத்து ஆள் இல்ல. வீட்டுல சுவிட்சு போட்டிருப்பா, அடிச்சிருக்கும். ஆனாலும் பாவம் பாக்கறேன். ஆஸ்பத்திரி செலவை நானே தர்றேன். வீட்டுலதான் அடிச்சிதுன்னு அவ புருஷன் ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"கை போனா நாளைக்கு அவ இன்னா வேலை செய்வா?"

"அதை எங்கிட்ட கேக்காத. கடவுள்கிட்ட கேளு."

எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அமராவதியின் புருஷன் அய்யனார் கையெழுத்துப் போட்டால் இந்த வார மருந்து கிடைக்கும். போன கைக்கு நஷ்ட ஈடு கிடைக்காது. ஒயரும் அதே இடத்தில் கிடக்கும். போடாவிட்டால் மருந்துக்கு அவன் எங்கே போவான்? சங்கம் விழுப்புரம் தொழிலாளர் அதிகாரிக்குத் தந்தி கொடுத்தது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அதுவரை அய்யனாரும் தாங்க வேண்டும், சாட்சிக்கு ஒயரும் அங்கேயே இருக்க வேண்டும்.

"பேப்பர்ல வந்துட்டா ஒயரை எடுக்க பயப்படுவாரு. ஆபீசரும் வராம இருக்க மாட்டாரு" என்றாள் மலர்கொடி.

"பேப்பர்காரனை யாருக்குத் தெரியும்? நமக்குப் பேப்பர்னா வடை மடிச்சுத் தர்றதுதான்" என்றாள் ராசம்மாள். யாரும் சிரிக்கவில்லை.

மலர்கொடி பத்தாவது வரை மரக்காணத்தில் படித்தவள். சங்கத்தின் மனுக்களை எழுதுவது அவள்தான். ஒரு முழுத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். ஆள் பெயர், எந்தப் பத்திரிகை, எந்த ஊர், போன், பேக்ஸ். கட்டங்கள் தயார். உள்ளே எழுத ஒரு பெயர்கூட இல்லை.

டீக்கடையில் கிடந்த பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில், அச்சிடுபவர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அலுவலக எண்களை எழுதிக்கொண்டாள். கேபிள் டிவி பையனிடம் கேட்டு உள்ளூர்ச் செய்தி போடுபவர் எண்ணை வாங்கினாள். புதுச்சேரி வானொலிக்கு ஒரு கட்டம். பிறகு மீனவர் ஊரான எக்கியார்குப்பத்துக்கு நடந்தாள். சுனாமியின்போது நிருபர்கள் கும்பல் கும்பலாக வந்தது அங்கேதான்.

மகளிர் குழுத் தலைவி தையல்நாயகி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதைக் கேட்டுவிட்டு, கையை உதறினாள்.

"கடல் வந்தப்ப வந்தானுங்க. கடல் போனதும் அவனுங்களும் போயிட்டானுங்க. ஆளுக்கு ஒரு கார்டு குடுத்துட்டு, எப்ப வேணா கூப்பிடுங்கம்மான்னானுங்க. கூப்பிட்டா யார் எடுக்கறா?"

"கார்டு வச்சிருக்கீங்களாக்கா?"

"எங்களுக்கு அரிசி வந்தப்ப, உப்பளத்துக்காரங்களுக்கு ஒண்ணுமே வரலன்னு நீங்கள்லாம் எங்க மேல கோவமா இருந்தீங்களே."

மலர்கொடி மறைக்கவில்லை. "இருந்தோம்க்கா. எங்க பாத்திலயும்தானே சேறு ரொம்பிச்சு?"

தையல்நாயகி உள்ளே போய், ரேஷன் அட்டையோடு ரப்பர்பேண்ட் போட்டிருந்த விசிட்டிங் கார்டுக் கட்டைக் கொண்டுவந்தாள். "எழுதிக்க. அந்தப் பொண்ணு கைக்கு இன்னா ஆச்சுன்னு எனக்கும் சொல்லி அனுப்பு."

பஸ் ஸ்டாண்ட் எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்து மலர்கொடி ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். பாதி கார்டு செத்துப்போயிருந்தது. ஒரு எண்ணை கடலூரில் கோழிக்கடைக்காரர் எடுத்து, "எத்தனை கிலோ?" என்றார். ஒரு நிருபர் மதுரைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். ஆனால் நல்ல மனுஷன், அவர் இடத்துக்கு வந்த சகாயசெல்வி என்ற பெண்ணின் செல்போன் எண்ணைத் தந்தார். செத்த எண்ணை அடித்தாள். மாறியதை மேலே எழுதினாள். பூத்துக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பில்லைக் கிழிக்கும்போது, "இன்னாம்மா, எலெக்ஷன்ல நிக்கப்போறியா?" என்றார்.

"நின்னா நீங்க ஓட்டு போடுவீங்களா?"

"போன் பில்லு கட்டினா போடறேன்."

எடுத்தவர்கள் எல்லாரிடமும் ஒரே வாசகத்தை, தாளில் எழுதி வைத்ததை, படித்தாள். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு உப்பளத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. விபத்து நடந்த ஒயரை நேரில் காட்டுவோம். தொழிலாளர்கள் அனைவரும் இருப்பார்கள்.

ஆறு மணி என்றதும் பலர் "ஆறா?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஆமாம் சார், ஆறு, என்றாள். ஏன் கேட்கிறார்கள் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அந்தோணிராஜுக்கும் தோன்றவில்லை. ஆறு மணி என்றால் பாதி வேலை முடிந்து எல்லாரும் கைகால் கழுவி டீ குடிக்கும் நேரம். வேலை கெடாது. ஆள் முழுக்க இருக்கும். வெயிலும் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு இதைவிட வசதியான நேரம் எது?

புதன்கிழமை ஆறு மணிக்கு நாற்பது பேரும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ் போனது. பால் வண்டி போனது. யாரோ மோட்டார் சைக்கிளில் வந்தபோது அந்தோணிராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்; அது முட்டை வியாபாரி.

ஏழரைக்கு ராசம்மாள் கூடையை எடுத்தாள். "வர்றவனா இருந்தா வந்திருப்பான். ஒரு பாத்தி வாரியிருக்கலாம்." ஒன்பதரை வரை நின்று பார்த்தார்கள். கண் கூசத் தொடங்கியது. ஒவ்வொருவராக ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் அளத்தில் இருந்தபோது அய்யனார் ஓடிவந்தான். கையில் அன்றைய பத்திரிகை கசங்கியிருந்தது. உள்பக்கத்தில் ஆறே வரி. 'வீட்டில் மின்சாரம் தாக்கிப் பெண் காயம்' என்று தலைப்பு. உப்பளத்தில் விபத்து நடந்ததாகச் சிலர் வதந்தி பரப்புவதாகவும், தொழிலாளர்கள் நிம்மதியாக வேலை செய்துவருவதாகவும் உரிமையாளர் தெரிவித்தார்.

"மொதலாளி இதைக் கொண்டாந்து காட்டிட்டாருண்ணே" என்றான் அய்யனார். "பேப்பர்லயே வந்துட்டுது, இனிமே ஆபீசர் இதைத்தான் நம்புவாரு, கையெழுத்து போட்டா மருந்தாவது கிடைக்கும்ன்றாரு. இன்னைக்கு மத்தியானம் புது ஒயர் போடறதுக்கு எலெக்ட்ரீஷியன் வர்றானாம். நாளைக்கு ஆபீசர் வந்து எதைப் பாப்பாரு? நான் போட்டுடறேண்ணே. அவ ராத்திரி பூரா கத்தறா."

"மத்தியானம் வரைக்கும் போடாத" என்றாள் மலர்கொடி.

"மத்தியானம் இன்னா கிழியப்போவுது?"

அவள் தாளை இடுப்பில் செருகினாள். கூடையை வைத்துவிட்டு, உப்புக்காலோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அந்த ஆறு வரியை எழுதியவர் ஆதிமூலம். அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். திண்டிவனம், மரக்காணம் இரண்டுக்கும் அந்தப் பத்திரிகையின் பகுதிநேர நிருபர்.

"சார், கை தீஞ்சவ வீட்டுல சுவிட்சே கிடையாது. ஹோல்டர்ல பல்பைத் திருகித்தான் எரிய விடறா. எப்படி சார் எழுதுனீங்க?"

ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட கத்தாதம்மா. ஆறு மணிக்கு வான்னா எவன் வருவான்? ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஆபீசுக்கு நியூஸ் குடுத்துட்டுப் படுக்கறவன் நான். பதினொண்ணரைக்கு வந்தேன். உங்க அளத்துல ஒரு ஈ காக்கா இல்ல. மொதலாளி இருந்தாரு. டீ குடுத்தாரு. அவர் சொன்னதை எழுதினேன். நீங்க இருந்திருந்தா நீங்க சொன்னதை எழுதியிருப்பேன்."

"வீடு தேடி வந்திருக்கலாமே?"

"ஆறு வரிக்கா?"

அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை. அழைத்தது அவர்கள். நேரம் வைத்தது அவர்கள். அந்த நேரத்தை அளத்துக் கண்ணால் மட்டுமே பார்த்து வைத்தார்கள்.

"உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்தா தோதுப்படும்?"

"பன்னெண்டு. மூணு மணிக்குள்ள எழுதிடுவேன். நாலரை பஸ் கண்டக்டர்கிட்ட போட்டோ குடுத்து விட்டாத்தான் நாளைக்குப் பேப்பர்ல வரும். அதுக்கப்புறம் உலகமே கவுந்தாலும் போட்டோவுக்கு இடமில்ல."

மலர்கொடி இடுப்பிலிருந்து தாளை எடுத்து, அங்கேயே ஜெராக்ஸ் மெஷின் மூடியின்மேல் வைத்து, ஓரத்தில் இன்னொரு கோடு போட்டாள். அவர் பெயருக்கு நேரே எழுதினாள். தலையை நிமிர்த்தாமல், "மொதலாளி உங்களுக்கு விளம்பரம் தர்றவரா?" என்று கேட்டாள்.

"பொங்கல் மலருக்குத் தருவாரு. அதுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல சார். தெரிஞ்சுக்கறதுக்கு." அதையும் எழுதிக்கொண்டாள். "இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு நாங்க எல்லாரும் அளத்துல இருப்போம். புதுச்சேரியிலேருந்து சகாயசெல்வி மேடம் வர்றாங்க. நாளைக்கு அவங்க பேப்பர்ல ஒயர் போட்டோ வந்து, உங்க பேப்பர்ல வீட்டு சுவிட்சுன்னு இருந்தா, ஆபீசுல உங்களைத்தான் சார் கேப்பாங்க."

சகாயசெல்வி வருவதாக இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளைக் கூப்பிடவே இல்லை. ஆதிமூலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

பூத்தில் முதல் போன் அதற்குத்தான். "ஆறு மணிக்குக் கூப்பிட்டது நீங்கதானா?" என்று சகாயசெல்வி சிரித்தாள். "எனக்குப் பஸ்ஸே கிடையாதுங்க. பன்னெண்டுக்கு வந்துடறேன். ஆனா நடந்ததைக் கண்ணால பாத்த ஆள் வேணும். கேள்விப்பட்டேன்னு சொல்றவங்க வேணாம்." மலர்கொடி மற்றவர்களையும் கூப்பிட்டாள். இந்த முறை செய்தியைச் சொல்வதற்கு முன்னால், உங்களுக்கு எந்த நேரம் சார், எதுக்குள்ள கைக்கு வரணும், என்று கேட்டாள். வர முடியாதவர்களிடம் பேக்ஸ் எண் கேட்டாள். கேபிள்காரர் ஆறரைச் செய்திக்கு நான்கு மணிக்குள் கேசட் வேண்டுமென்றார். வானொலியில், எழுதி அனுப்புங்கள் பார்க்கிறோம் என்றார்கள். கட்டங்கள் நிரம்பின.

அளத்துக்குத் திரும்பியபோது எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, யாரும் போகாதீங்க. பன்னெண்டு வரைக்கும் நிக்கணும்."

"இன்னாடி பேசற?" ராசம்மாள் அதிர்ந்தாள். "பன்னெண்டு மணி வெயில்ல அளத்துல எவ நிப்பா? கண்ணு அவிஞ்சிடும்."

"அவங்களுக்கு அதுதான்க்கா விடியற நேரம்."

"நம்ம நேரத்துக்கு அவன் வர மாட்டானா?"

"வர மாட்டாங்க. இந்தத் தடவை அவங்க நேரத்துக்கு நாம போவோம்."

அந்தோணிராஜ் பலகையைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒயர் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் இன்னொருவன். பிறகு ராசம்மாள், திட்டிக்கொண்டே. பத்து மணிக்கு உப்பிலிருந்து வெளிச்சம் ஊசி மாதிரி எழுந்தது. பதினொன்றுக்குக் காலடி வரப்பு சுட்டது. துண்டாலும் முந்தானையாலும் முகம் முழுக்க மூடிக் கட்டி, கண்ணுக்கு மட்டும் இடுக்கு விட்டிருந்தார்கள். கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. அப்போது ரோட்டிலிருந்து இரண்டு குடத்தோடு வந்தவள் தையல்நாயகி. யாரும் அழைக்கவில்லை.

"கார்டு குடுத்தது நான். வேலை செஞ்சுதான்னு பாக்க வந்தேன்" என்றாள்.

எலெக்ட்ரீஷியன் புது ஒயர்ச் சுருளோடு வந்தான். பின்னாலேயே சிவப்பிரகாசம்.

"எழுந்திரிங்க. வேலை நடக்கணும்."

"நாளைக்கு ஆபீசர் பாத்தப்புறம் மாத்துங்க மொதலாளி" என்றான் அந்தோணிராஜ்.

"என் மோட்டாரு, என் ஒயரு. உங்களுக்கு ஆபத்துன்னுதானே மாத்தறேன்?"

"இந்த வருஷம் பூரா ஆபத்து தெரியலியா?"

எலெக்ட்ரீஷியன் சுருளைக் கீழே வைத்தான். நாற்பது பேர் நடுவில் கையை விட்டு ஒயர் எடுக்க அவனுக்கு மனமில்லை. சிவப்பிரகாசம் செல்போனை எடுத்தபோது ரோட்டில் டிவிஎஸ் வண்டி நின்றது. ஆதிமூலம், கழுத்தில் கேமரா. சற்றுப் பின்னால், பஸ்ஸிலிருந்து இறங்கி, குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் வரப்பில் தடுமாறி வந்தாள். கூப்பிட்டதில் வந்தவர்கள் அவ்வளவுதான்.

"வாங்க ஆதிமூலம்" என்றார் சிவப்பிரகாசம். "நேத்தே எல்லாம் சொன்னேனே. இவங்க சங்கத்துக்காரங்க. அந்தப் பொம்பள என் அளத்துல ஒரு நாள் வேலை செஞ்சதில்ல."

சகாயசெல்வி குடையை மடக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள். "அவங்களோட வேலை செஞ்சவங்க யாரு? பேர் சொல்லிச் சொல்லணும். பேர் இல்லாம எங்க ஆபீசுல எடுக்க மாட்டாங்க."

சிவப்பிரகாசம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். "சொல்லுங்க. யார் சொல்றான்னு நானும் பாக்கறேன். சொன்ன மூஞ்சிக்கு நாளைக்கு இந்த அளத்துல மட்டுமில்ல, எந்த அளத்துலயும் வேலை கிடையாது. எல்லா மொதலாளியும் எனக்குச் சொந்தந்தான்."

ஆதிமூலம் கேமராவைக் கையில் எடுத்து, கொஞ்சம் தயங்கி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பயமா இருந்தா திரும்பி நில்லுங்க. முதுகு தெரியற மாதிரி எடுத்துடறேன். ஒயர் தெரிஞ்சா போதும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இரண்டு பேர் திரும்பியும்விட்டார்கள். அய்யனார், கையெழுத்துக்காக முதலாளி கொடுத்திருந்த தாளை உள்ளங்கையில் நசுக்கிக்கொண்டு, அவர்களையே பார்த்தபடி நின்றான்.

ராசம்மாள் எழுந்தாள். ஒயரை மிதிக்காமல் சுற்றி நடந்து முன்னால் வந்தாள். பின்னங்கழுத்தில் முடிச்சை அவிழ்த்து, முகத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். கண்ணுக்கு மேலே வியர்வையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"முதுகை எடுத்து இன்னா பண்றது? என் பேர் ராசம்மா. எங்க வீட்டுக்காரர் பேர் வேணுமா? அவர் செத்துட்டாரு, அவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது. அமராவதி எனக்கு முன்னாடி கூடை தூக்குவா. இந்த மலரு அவளுக்குப் பின்னாடியே தூக்குவா. கேட்டுக்க."

"மலர்கொடி" என்றாள் மலர்கொடி. முந்தானையை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் நேரே கண்ணில் இறங்கியது.

திரும்பி நின்ற இருவரும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. பெயர்கள் வேகமாக வரவும் சகாயசெல்வி, "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினாள். "தையல்நாயகி, எக்கியார்குப்பம்" என்று ஒரு குரல் வந்தபோது அந்தோணிராஜ், "நீங்க இந்த அளம் இல்லியே" என்றான். "எழுதட்டும்பா, எனக்கு இன்னா நட்டம்?" என்றாள் அவள். முதல் தடவையாகச் சிரிப்பு எழுந்தது. சிவப்பிரகாசம் செல்போனில் யாரையோ உரக்கத் திட்டிக்கொண்டே ரோட்டுக்கு நடந்தார்.

அய்யனார் வந்து ஒயர் பக்கத்தில், அந்தோணிராஜுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். "என் பேரையும் எழுதிக்கங்கம்மா" என்றான்.

கேமரா பலமுறை சொடுக்கியது. அச்சில் வருமா, ஆதிமூலத்தின் ஆபீஸ் விடுமா, நாளை அதிகாரி வருவாரா, யாருக்கும் தெரியாது. ராத்திரி ஒயரைக் காக்க முறை போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று பேச்சாயிற்று. ஆஸ்பத்திரிக்கு யார் போவது என்பதும் முடிவானது.

மலர்கொடி தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வராதவர்களுக்கு நான்கு மணிக்குள் பேக்ஸ் போயாக வேண்டும். கேபிள்காரரின் கேசட்டில் பேச ஆள் வேண்டும்.

"ஏ மலரு" என்று கூப்பிட்டாள் ராசம்மாள். "எந்த ஊருக்கு முதல்ல பேக்ஸ்?"

"விழுப்புரம்க்கா. அங்கதான் நியூஸ் வாங்கறதைச் சீக்கிரம் மூடறாங்க."

"அப்ப நட. நானும் வர்றேன். ரெண்டு பேர் பேசினா ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் சொல்லலாம்."

முகத்தைக் கட்டாமலே இருவரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள்.